ஒரு பேருதான் எழுதணுமாம்

அந்த நாற்காலி வேண்டாம் அண்ணி, ஒரு கால் ஆடுது. காலையில ஒரு பெரியவரு உக்காந்து விழப் பாத்தாரு. இப்படி பெஞ்சுக்கு வாங்க. என்னை ஒட்டி உக்காரணும்னு இல்ல, அந்தக் கடைசியில உக்காருங்க. நடுவுல என் பையை வெச்சுக்கறேன், போதுமா?

சண்டை போட வரலை. சண்டை போட என்கிட்ட இப்ப என்ன தெம்பு இருக்கு சொல்லுங்க. அண்ணன் வெளிய போன் பேசிட்டு இருக்காரு. அவரு உள்ள வர்றதுக்குள்ள உங்ககிட்ட மட்டும் கொஞ்சம் பேசணும். அவரு வந்துட்டா எனக்கு வாயே வராது. உங்க வீட்டுக்காரரு நல்லவருதான், நான் இல்லங்கல. ஆனா அவரு பேசறப்ப எப்பவும் எதிர்ல நூறு பேரு உக்காந்திருக்கற மாதிரியே பேசறாரா, எனக்குக் கை தட்டணும் போல ஆயிடுது.

தண்ணி குடிக்கறீங்களா? சரி, இங்கயே வெக்கறேன். எப்ப வேணுமோ எடுத்துக்கோங்க.

அந்த இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்காரு உங்க தம்பி. நேத்துப் பாத்தேன். மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகலை அண்ணி. அதை மட்டும் முதல்ல சொல்லிடறேன், நீங்க எதையாவது மனசுல நெனச்சிட்டு இருப்பீங்க. மூஞ்சி நல்லா இருக்கு. தூங்கறப்ப வாய் கொஞ்சம் தொறந்திருக்குமே, அப்படியே இருக்கு.

உள்ள மேஜையில ஒருத்தர் எழுதிட்டு இருக்காரு பாருங்க, அவரு ஒரு பேருதான் எழுதணுங்கறாரு. உடம்பை யாரு வாங்கிட்டுப் போறாங்கன்னு ஒரே ஒரு பேரு. ரெண்டு பேரு எழுதக் கூடாதான்னு கேட்டேன். அம்மா, இது என்ன கல்யாணப் பத்திரிகையா, ரெண்டு வீட்டார் அழைப்பு போடறதுக்குங்கறாரு. சிரிப்புதான் வந்துது எனக்கு. இந்த இடத்துல சிரிச்சேன் அண்ணி, பக்கத்துல இருந்தவங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே.

பொண்டாட்டிங்கறதால என்னைத்தான் கேப்பாராம். என் பேரு எழுதினா, பாஸ்டர் ஒரு பெட்டி கொண்டு வந்திருக்காரு, அதுல ஏறி மண்ணுக்குப் போவாரு. உங்க பேரு எழுதினா, அண்ணன் கொண்டு வந்திருக்கற வண்டியில ஏறி நெருப்புக்குப் போவாரு. ரெண்டு வண்டியும் கேட்டுலதான் நிக்குது, வர்றப்ப பாத்திருப்பீங்க. அந்த ரெண்டு டிரைவரும் ஒரே தீக்குச்சியில பீடி பத்த வெச்சிட்டு, டயர் விலை ஏறிப் போச்சுன்னு பேசிட்டு நிக்கறாங்க. அவங்களுக்குள்ள ஒரு தகராறும் இல்ல.

அழறதுன்னா அழுங்க அண்ணி. அடக்காதீங்க. உங்களைவிட யாருக்கு உரிமை இருக்கு? நான் ஆறு வருஷம் இருந்தவ. நீங்க அவரைத் தூக்கி வளத்தவங்க. அம்மா இல்லாத புள்ளைக்கு அக்காதான் எல்லாம்னு அவரு சொல்லாத நாள் கிடையாது. உங்க பள்ளிக்கூடத்துப் பாவாடையை வெட்டி அவருக்கு டவுசர் தெச்சுக் குடுத்தீங்களாமே? மடிப்பு தெரிஞ்சுதாம், பசங்க எல்லாம் பாவாடை பாவாடைன்னு கூப்பிட்டாங்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. சிரிச்சு முடிச்சுட்டு, எங்க அக்கா அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் போகலைம்பாரு.

தெரியாதுன்னு நெனச்சீங்களா? எல்லாம் தெரியும். எல்லாம் சொல்லியிருக்காரு.

அதனாலதான் உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. இருந்துது. ரொம்ப இருந்துது. கான்வென்ட்காரி வந்து என் தம்பியை மயக்கிட்டா, மதத்தை மாத்திட்டான்னு ஊர் பூரா சொன்னீங்களே, அப்ப உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கத்தணும் போல இருந்துது. என்னன்னு கத்தறதுன்னுதான் தெரியலை. நான் மாத்தலைன்னு சொன்னா, அப்ப என் புருஷனை நானே காட்டிக் குடுத்த மாதிரி ஆகுது. மாத்தினேன்னு சொன்னா பொய்.

அண்ணி, இதைக் கேளுங்க. நான் அந்தக் கான்வென்ட்டுல பத்து வருஷம் படிச்சவ. காலையில ஒரு ஜெபம், மத்தியானம் ஒரு ஜெபம், சாயங்காலம் ஒண்ணு. எல்லாப் பாட்டும் தெரியும். பாட்டுப் போட்டியில எனக்குத்தான் கப்பு. மூணாவது படிக்கறப்ப, ஞாயித்துக்கிழமை வெள்ளைக் கவுன் போட்டு நிறையப் பொண்ணுங்க வரிசையா போனாளுங்க, தலையில பூக்கிரீடம் எல்லாம் வெச்சுக்கிட்டு. எனக்கும் அந்தக் கவுன் வேணும்னு சிஸ்டர்கிட்ட போய், என்னையும் சேத்துக்கோங்கன்னு அழுதேன். சிஸ்டர் என்ன சொன்னாங்க தெரியுமா? கவுனுக்காக எல்லாம் சாமியை மாத்தக் கூடாது, போய் ஏழாம் வாய்ப்பாடு எழுதிட்டு வான்னாங்க. அவ்வளவுதான் எனக்கு நடந்த மதமாற்றம். ஏழாம் வாய்ப்பாடு.

பத்து வருஷத்துல என்னை ஒருத்தரும் மாத்தலை. இன்னிக்கும் நான் காலையில எந்திரிச்சா கும்பிடறது எங்க அம்மா கும்பிட்ட சாமியைத்தான். உங்க தம்பி கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துல படிச்சாரு. சர்ச்சு வாசலை மிதிச்சதே இல்ல. அவருதான் மாறினாரு. கான்வென்ட்ல படிச்சவ நான், கிறிஸ்தவன் ஆனது அவரு. இதை யாருகிட்ட சொன்னாலும் நம்பலை. எங்க வீட்டு ஓனரு நேராவே கேட்டாரு, வீட்டுக்குள்ள வெச்சு நீ அவருக்கு என்னம்மா சொல்லிக் குடுத்தேன்னு.

ஏன் மாறினாருன்னு கேக்கறீங்களா?

எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா. காசுங்கறாரு அண்ணன். எங்க வீட்டுக்கு வந்து பாருங்க, காசு வந்த வீடு அப்படியா இருக்கும்? ஃபிரிட்ஜ் கதவை ரப்பர் பேண்டு போட்டு மூடி வெச்சிருக்கேன்.

நடந்ததை மட்டும் சொல்றேன். ஆறு மாடிக் கட்டடம் ஒண்ணு, பழைய லிஃப்ட்டு. இவரு லிஃப்ட்டுக் கம்பெனிதான் அதைப் பாத்துக்கறது, அதுல மோட்டாரு போச்சு. புது மோட்டாரு வர நாள் ஆச்சு, இவரு போறதும் பாக்கறதும் வர்றதுமா இருந்தாரு. மேல் மாடியில ஒருத்தர் சக்கர நாற்காலியில. அவரை ஞாயித்துக்கிழமை நாலு பேரு வந்து தூக்கிட்டு இறங்குவாங்க. டயர் கடை மாடியில ஜெபம் நடக்குமாம், அங்க கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கொண்டாந்து ஆறு மாடியும் ஏத்தி விடுவாங்க. அதுல ஒருத்தர் பரோட்டாக் கடைக்காரரு, ஒருத்தர் ஆட்டோ ஓட்டறவரு, எல்லாம் நம்மளை மாதிரி ஆளுங்க. இவரு முதல் வாரம் ஓரமா நின்னு பாத்தாரு. ரெண்டாவது வாரம், ஏங்க, லிஃப்ட்டு சரியாகற வரைக்கும் அவரு வீட்டுலயே கும்பிடக் கூடாதான்னு கேட்டிருக்காரு. அதுக்கு அந்தப் பரோட்டாக்காரரு, அவரு இல்லாம பாட்டு எடுக்கவே ஆளு இல்லப்பா, நாங்க எல்லாம் கழுதைக் கொரலுன்னிருக்காரு. மூணாவது வாரம் ஒரு கை பிடிச்சாரு. நாலாவது வாரம் கூடவே போயிட்டாரு.

வீட்டுக்கு வந்து, அங்க எல்லாரும் கழுதைக் கொரல்ல பாடறாங்க, எனக்கு ஏத்த இடம்னாரு. நான் விளையாட்டுன்னு நெனச்சேன்.

அப்புறம் ஒரு நாள் தலை நனைஞ்சு வந்தாரு. வெளிய மழையான்னு கேட்டேன். இல்ல, ஞானஸ்நான முழுக்கு எடுத்துட்டேன்னாரு. கையில இருந்த துண்டை மூஞ்சியிலயே விட்டெறிஞ்சேன். என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையான்னு கத்தினேன். கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவே, அதான் கேக்கலைன்னாரு. எல்லா ஆம்பளைங்களும் பைக் வாங்கிட்டு வந்து சொல்ற மாதிரி சொல்றாரு! ரெண்டு நாள் நான் பேசலை. அவரே சமைச்சாரு. உப்பே இல்லாம. சாப்பிட்டுட்டு உப்பு இல்லன்னு சொல்லித்தான் மறுபடியும் பேச ஆரம்பிச்சேன்.

என்னை வான்னு கூப்பிட்டாரா? ஒரே தடவை. பத்து வருஷம் முட்டி போட்டு முட்டியே தேஞ்சு போச்சு, ஆளை விடுங்கன்னேன். சரின்னுட்டாரு. அதுக்கப்புறம் ஒரு நாளும் கூப்பிட்டது இல்ல. எங்க வீட்டுல சாமி அலமாரி உயரத்துல இருக்கு, எனக்கு எட்டாது. அந்தப் படத்தை எல்லாம் யாரு துடைக்கறது? அவருதான். மாறினதுக்கு அப்புறமும் அவருதான். ஒண்ணொண்ணா எடுத்து, ஈரத்துணியில ஒரு தடவை, காஞ்ச துணியில ஒரு தடவை, மோட்டாரு பார்ட்டு துடைக்கற மாதிரி. உங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா திட்டப் போறாருன்னேன். பாஸ்டரும் உன்னை மாதிரி குள்ளம், அவருக்கு எங்க தெரியப் போகுதுன்னாரு.

ஒரு நிமிஷம் அண்ணி. மூக்கைத் தொடச்சுக்கறேன்.

உங்களுக்குப் போன் பண்ணுவாரே, ஞாயித்துக்கிழமை சாயங்காலம்? நீங்க எடுக்க மாட்டீங்க. எடுக்கலைன்னு அவருக்கு வருத்தமே இருக்காது. ஸ்பீக்கர்ல போட்டு ரிங் போறதைக் கேட்டுட்டே உக்காந்திருப்பாரு. முடிஞ்சதும், ரிங் போகுது, அக்கா நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி எந்திரிச்சுப் போயிடுவாரு. நீங்க அவரு நம்பரை பிளாக் பண்ணி வைக்கலைங்கறதே அவருக்குப் பெரிய சந்தோஷம். அண்ணன் பிளாக் பண்ணச் சொல்லியும் நீங்க செய்யலைன்னு தெரியும் எங்களுக்கு. உங்க தம்பி சொன்னாரு, அக்கா போன்ல ரிங் டோனு மாத்தி வெச்சிருக்கும், எனக்குன்னு தனியான்னு. அப்படியா வெச்சிருந்தீங்க?

...

சரி. சரி அண்ணி. நான் கேக்கலை. விடுங்க.

எப்படி ஆச்சுன்னு உங்களுக்கு யாராவது முழுசா சொன்னாங்களா? கவனக்குறைவுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். இவருக்கா கவனக்குறைவு? வீட்டுல பல்பு மாத்தறதுக்கே மெயினை அணைச்சுட்டு என்னைப் பக்கத்துல நிக்க வெக்கற ஆளு.

லிஃப்ட்டு வேலை ரெண்டு பேரு வேலை அண்ணி. ஒருத்தர் மேல மோட்டாரு ரூம்ல நிப்பாரு, ஒருத்தர் கீழ குழியில இறங்குவாரு. கீழ இருக்கறவரு நிறுத்துன்னு சத்தம் போடணும். மேல இருக்கறவரு சுவிட்சை அணைச்சுட்டு நிறுத்திட்டேன்னு திருப்பிச் சொல்லணும். அந்தப் பதில் காதுல விழாம காலை உள்ள வெக்கக் கூடாது. வேலை முடியற வரைக்கும் மேல இருக்கறவரு அந்த சுவிட்சை விட்டு நகரக் கூடாது. ஒண்ணுக்குக் கூடப் போகக் கூடாதுன்னு வெச்சுக்கோங்க. இவருக்கு மேல நின்னது எப்பவும் ஒரே கூட்டாளிதான். எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் ஜோடி. இவரு அவனை மச்சான்னுதான் கூப்பிடுவாரு. என்னைவிட அவன் கொரலைத்தான் அதிகமாக் கேட்டிருப்பாரு.

இவரு மாறினது தெரிஞ்சப்ப அவன் கோவிச்சுக்கலை. டேய், உங்க சாமி சம்பளம் ஏத்தித் தருமான்னு கிண்டல் பண்ணினான், அவ்வளவுதான். ஆனா அவன் அக்கா புருஷன் கட்சியில இருக்காரு. அண்ணன்கூட மேடையில நிப்பாரே, அந்த ஒசரமா ஒருத்தர், அவருதான். அவன்கூட இனிமே வேலைக்குப் போகாதே, உன்னையும் இழுத்துடுவான்னு சொல்லிட்டே இருந்திருக்காரு. அவன் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசிட்டு இருக்காங்க, மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னு. போன மாசம் அவன் கம்பெனியில சொல்லி வேற பக்கம் மாத்திக்கிட்டுப் போயிட்டான். எங்க வீட்டுக்கு வந்து, மச்சான், கொஞ்ச நாளைக்குத்தான், கல்யாணம் முடியட்டும்னு கையைப் பிடிச்சுட்டு அழுதான். இவருதான் அவனுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினாரு. போடா, நீ இல்லாம நான் நிம்மதியா வேலை செய்வேன், நீ போடற சத்தத்துல காது போச்சுன்னாரு.

வேற ஆளு தரேன்னாங்க. தரலை. தனியாத்தான் போனாரு.

அன்னிக்குப் போன கட்டடத்து வாட்ச்மேன் போலீஸ்ல சொன்னதை நானும் கேட்டேன் அண்ணி. மேல போய் இவரே அணைச்சுட்டு இறங்கி வந்திருக்காரு. வந்து, குழிக்கு மேல நின்னு, நிறுத்துன்னு சத்தம் போட்டிருக்காரு. கொஞ்ச நேரம் நின்னுட்டு, அவரே நிறுத்திட்டேன்னு சொல்லிட்டு இறங்கியிருக்காரு. பழக்கம். வாட்ச்மேன் அதைக் கேட்டுட்டு, ரெண்டு ஆளு வந்திருக்காங்க, ஒருத்தர் மேல இருக்காருன்னே நெனச்சுட்டாரு. கொஞ்ச நேரத்துல நாலாவது மாடி அம்மா, எவ்வளவு நேரம்யா மூட்டையோட நிக்கறதுன்னு சத்தம் போட்டிருக்காங்க. வாட்ச்மேன் மேல போய்ப் பாத்தாரு. மோட்டாரு ரூம்ல ஆளு இல்ல. வேலை முடிச்சுக் கிளம்பிட்டாங்க போல, சுவிட்சு போட மறந்துட்டாங்கன்னு, பாவம், போட்டுட்டாரு.

அவ்வளவுதான்.

அந்தக் கூட்டாளி குழாயடியில உக்காந்திருக்கான். நீங்க போறப்ப அவனைத் திட்டாதீங்க. நேத்துல இருந்து அவன் வாயில ஒரே வார்த்தைதான் வருது, நிறுத்திட்டேன் மச்சான், நிறுத்திட்டேன் மச்சான்னு. நாங்க யாரு போய்ப் பேசினாலும் நிக்க மாட்டேங்குது.

இல்ல அண்ணி, உங்க மேல பழி போடலை. அண்ணன் மேலயும் போடலை. அவரு மேடையில பேசினாரு, இன்னொருத்தர் கேட்டாரு, அவரு மச்சானுக்குச் சொன்னாரு, மச்சான் பயந்துட்டான். யாரும் யாரையும் தள்ளி விடலை. எல்லாரும் ஒரு அடி தள்ளி நின்னாங்க, அவ்வளவுதான்.

மண்ணுலதான் போகணும்னு சொன்னாரா? சொன்னாரு. அந்தச் சக்கர நாற்காலிக்காரரு போனப்ப, அடக்கம் பண்ணிட்டு வந்து கால் கழுவிட்டே சொன்னாரு. எனக்கும் இப்படி ஒரு குழியும் மேல ஒரு கல்லும் வெச்சுடு, கோவம் வந்தா நீ வந்து உக்காந்து திட்டறதுக்கு ஒரு இடம் வேணும்ல, எரிச்சுட்டா எங்கன்னு பாத்துத் திட்டுவேன்னாரு. நான் கரண்டியைத் தூக்கிட்டு அடிக்கப் போனேன்.

வேற மாதிரி சொல்லியிருந்தா மறந்திருப்பேன். இப்படிச் சொல்லி வெச்சிருக்காரு பாருங்க.

ஆனா எந்த மண்ணுல வெக்கறது? அந்தச் சக்கர நாற்காலிக்காரரு கதையே உங்களுக்குத் தெரியும், தெரியாம இருக்காது. அவரை வெச்சு ஒரு வாரம் ஆகலை, எங்க ஏரியாவுல இது இருக்கக் கூடாதுன்னு கூட்டம் கூடி, தோண்டி எடுத்து வேற எடத்துக்குக் கொண்டு போக வெச்சாங்க. ஆறு மாடி தூக்கின அதே நாலு பேருதான் அப்பவும் தூக்கினாங்க. கூட இவரும் ஒரு கை. வீட்டுக்கு வந்து அன்னிக்கு மட்டும் சாப்பிடலை. அந்த ஆளுக்கு இருக்கறப்பவும் ஒரு எடத்துல உக்கார முடியலை, போயும் முடியலைன்னாரு.

பாஸ்டரு சொல்றாரு, போலீஸ் காவல் கேக்கலாம்மான்னு. எத்தனை நாளைக்கு? ஒரு வாரம் நிப்பாங்க. அப்புறம்?

அண்ணன் மைக்குல பேசப் போறதுக்கு அடிச்சு வெச்சிருக்கற போஸ்டரை ஒருத்தர் என் போனுக்கே அனுப்பிட்டாரு. தெரியாம அனுப்பினாரோ, தெரிஞ்சுதான் அனுப்பினாரோ. கடைசி மூச்சில் தாய்மதம் திரும்பிய தம்பின்னு போட்டு, உங்க தம்பி போட்டோ, பக்கத்துல அண்ணன் கும்பிட்ட மாதிரி போட்டோ. அது எங்க கல்யாணப் போட்டோவுல வெட்டினது அண்ணி. இவரு தோள்ல பாருங்க, ஒரு வெரல் தெரியும். அது என் வெரல். என்னை வெட்டினாங்க, வெரலை மறந்துட்டாங்க.

கடைசி மூச்சுல சொன்னாராம். அண்ணி, கடைசி மூச்சுல அவரு பக்கத்துல ஒருத்தருமே இல்ல. அதனாலதானே அவரு போனதே.

இருங்க, எந்திரிக்காதீங்க. அண்ணன் இன்னும் போன்லதான் இருக்காரு. நான் முடிச்சுடறேன்.

நேத்துக் காலையில எங்க வீட்டுக்குக் கட்சிக்காரங்க நாலு பேரு வந்தாங்க. உங்களுக்குத் தெரியாதா? சரி, தெரிஞ்சிருக்காது, உங்களுக்கு யாரு சொல்லப் போறாங்க. நல்லவிதமாத்தான் பேசினாங்க. செருப்பைக் கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள வந்தாங்க. அக்கா, கவலைப்படாதீங்க, நாங்க இருக்கோம், நீங்க நம்ம ஆளுதானேன்னாங்க. அக்கா பேரு என்ன, பாப்பா எந்தப் பள்ளிக்கூடம், வேன்ல போறாளா நீங்க கொண்டு விடறீங்களா, எத்தனை மணிக்கு விடுவாங்கன்னு கேட்டாங்க. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். சொன்னதுக்கு அப்புறம்தான் ஏன் சொன்னேன்னு தோணுச்சு.

பாப்பா கதவுக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தா. அவ அப்பாகூட அவளுக்கு ஒரு பழக்கம். படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கட்டில் ஓரத்துல முட்டி போட்டு, கண்ணை மூடி, அன்னிக்கு யாரு யாருக்கு உடம்பு சரியில்லையோ அவங்க பேரை எல்லாம் சொல்லுவாங்க. அவ நாய்க்குட்டி, பூனைக்குட்டி எல்லாம் சேத்துச் சொல்லுவா. அத்தைன்னு உங்க பேரும் உண்டு. நீங்க அவளைப் பாத்தது கைக்குழந்தையா இருந்தப்ப. அத்தைக்கு முட்டி வலி சரியாகணும்னு தெனமும் சொல்லுவா. உங்களுக்கு முட்டி வலின்னு யாரு சொன்னாங்களோ தெரியாது.

வந்தவங்கள்ல ஒருத்தர் அவளைக் கூப்பிட்டு மடியில உக்கார வெச்சாரு. மிட்டாய் குடுத்தாரு. அப்பா உனக்கு என்ன பாப்பா சொல்லிக் குடுத்தாரு, எப்படி சாமி கும்பிடறது, கண்ணை மூடி மாமாவுக்குக் காட்டுன்னாரு. இன்னொருத்தர் கையில போன் வெச்சுட்டு நின்னாரு.

அவ என்னைப் பாத்தா அண்ணி.

நான் ஒரு ஜாடையும் காட்டலை. தலையை ஆட்டவும் இல்ல.

அவ கண்ணை இப்படிப் பெருசாத் தொறந்தா. தொறந்து அப்படியே வெச்சுக்கிட்டா. இமைக்கவே இல்ல. கண்ணுல தண்ணி வந்து கன்னத்துல ஓடுது, அப்பவும் மூடலை. அப்பாதான் மூடுவாரு மாமா, நானும் எங்கம்மாவும் மூட மாட்டோம், நாங்க அவரு மாதிரி இல்லன்னா. அஞ்சு வயசு. யாரும் அவளுக்குச் சொல்லிக் குடுக்கலை. அவங்க அப்பா ஐஸ்ல படுத்திருக்காரு, அவ, நாங்க அவரு மாதிரி இல்லங்கறா.

கெட்டிக்காரின்னு கன்னத்தைத் தட்டிட்டுப் போயிட்டாங்க.

அதுல இருந்து அவ தூங்கலை அண்ணி. நேத்துப் பூரா, இன்னிக்கும். சொக்குது, தலை சாயுது, சடார்னு முழிச்சுக்கறா. ஏண்டி தங்கம்னா, மூடினா மாமா பாத்துடுவாருங்கறா.

அதான் அண்ணி, நீங்க வர்றதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டேன். உங்க பேருதான். கையெழுத்தும் போட்டாச்சு. நீங்க உள்ள போய் ஆளைக் காட்டினாப் போதும், குடுத்துடுவாங்க. பாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன். பாப்பா சாப்பிட்டாளான்னு மட்டும் கேட்டாரு.

அண்ணன் என்ன வேணா மைக்குல சொல்லிக்கட்டும். நான் வந்து மறுக்க மாட்டேன். என் பொண்ணு போற வேனை மட்டும் யாரும் நிறுத்த வேண்டாம்னு அவருகிட்ட சொல்லிடுங்க, நீங்க சொன்னாக் கேப்பாரு.

எரிக்கற எடத்துக்கு நான் வரலை அண்ணி. என்னால முடியாது. உள்ள போனதும் நீங்க ஒரு தடவை அவரைத் தம்பின்னு கூப்பிட்டுடுங்க, சத்தமா. மத்ததை எல்லாம் உங்க இஷ்டப்படி செஞ்சுக்கோங்க.

பாப்பாவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். நான் போறேன். அவளை எப்படியாவது தூங்க வைக்கணும்.